அரை வகைக்கெழு எங்கிருந்து வந்தது?

வரிசை முழு எண்ணாக இல்லாமல் ½ போன்ற பின்னமாக இருக்கும் பின்னவரிசை வகைக்கெழுவைப் புகுத்தி, சாலிட்டான் அலைகளுக்குப் 'புதிய தீர்வு' கண்டதாகச் சொல்லும் ஆய்வுக் கட்டுரைகள் குவிகின்றன. அவற்றில் பலவற்றில் புதுமை ஏதுமில்லை.

1834இல் எடின்பரோ அருகே யூனியன் கால்வாயில், குதிரை இழுத்த படகு சட்டென நின்றதும் எழுந்த நீர்மேடு வடிவம் குலையாமல் ஓடியது. ஜான் ஸ்காட் ரசல் அதைக் குதிரையில் பின்தொடர்ந்தார். இத்தகைய அலையே சாலிட்டான். அலையைச் செங்குத்தாக்கும் நேரிலாத் தன்மையும் அதைப் பரத்திவிடும் இயல்பும் ஈடுகட்டிக்கொள்வதே வடிவம் குலையாததற்குக் காரணம் என்று கோர்ட்டவெக், டி விரீஸ் இருவரின் 1895ஆம் ஆண்டுச் சமன்பாடு காட்டியது.

இதில் பின்னவரிசைக்கு என்ன வேலை? வேலை உண்டு. அதிவேக ரயில் சுரங்கப்பாதைக்குள் நுழைந்ததும் ஓர் அழுத்த அலை முன்னே பாய்கிறது. சுவரை ஒட்டிய மெல்லிய காற்றுப் படலத்தில் உராய்வு. சுவருக்குள் வெப்பக் கசிவு. இரண்டும் அலையின் ஆற்றலைத் தின்கின்றன. ஒரு கணத்தில் ஏற்படும் இழப்புக்கு அந்தக் கணத்து நிலை மட்டும் பொறுப்பாகாது. முன்பு நடந்த ஒவ்வொரு மாற்றத்தின் தடமும் படலத்தில் தங்கி, கழிந்த நேரத்தின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதத்தில் மங்குகிறது. அந்தத் தடங்களையெல்லாம் கூட்டினால் அரை வகைக்கெழு கிடைக்கிறது. ஜப்பானிய அறிஞர் சுகிமோட்டோ இந்த உறுப்போடுதான் அந்த அழுத்த அலைக்கான சமன்பாட்டை அமைத்தார். சுரங்கத்தின் நெடுக ஒத்ததிர்வு அறைகளை வரிசையாக வைத்தால் அதிர்ச்சி அலை உருவாகாமல் தடுக்கலாம் என்று 1992இல் காட்டினார். ½ என்ற எண்ணை அவர் தேர்ந்தெடுக்கவில்லை. வெப்பமும் உராய்வும் பரவும் விதியே அதைத் தந்தது.

பின்னவரிசை என்ற பெயரில் 2014இல் அறிமுகமான 'கன்ஃபார்மபிள்' வகைக்கெழுவின் கதை வேறு. சாதாரண வகைக்கெழுவை நேரத்தின் ஓர் அடுக்கால் பெருக்கினால் அது வந்துவிடும். நேரத்தின் அளவுகோலை மாற்றி எழுதினால் பழைய சமன்பாடே திரும்பும். தீர்வாக வருவது ரசல் பார்த்த அதே அலைதான். கடந்ததன் தடம் அதில் துளியும் இல்லை. சாதாரண வகைக்கெழுவின் பெருக்கல் விதிக்கு அப்படியே கட்டுப்படும் வகைக்கெழு உண்மையான பின்னவரிசை ஆகாது என்று ரஷ்ய அறிஞர் தராசோவ் 2013இலேயே நிறுவியிருந்தார். அதன் பிறகும் இத்தகைய கட்டுரைகளின் உற்பத்தி நிற்கவில்லை என்பது வருத்தம் தருகிறது. கட்டுரை எண்ணிக்கையால் ஆய்வை அளக்கும் வழக்கம்தான் இதை வளர்க்கிறது என்பேன்.

காந்தப் பொருளின் மாதிரியான ஹைசன்பர்க் தற்சுழற்சிச் சங்கிலியை, சாலிட்டான் தீர்வுகள் கொண்ட நேரிலா ஷ்ரோடிங்கர் சமன்பாட்டோடு 1977இல் இணைத்துக் காட்டிய இயற்பியலாளர் மு. லட்சுமணனைப் போன்றவர்கள் வளர்த்த துறை இந்தச் சாலிட்டான் ஆய்வு. ஆய்வு வழிகாட்டிகளே, மதிப்பீட்டாளர்களே, அந்தப் பின்ன எண் எந்த இயற்பியலிலிருந்து வந்தது என்று கேளுங்கள். பதில் இல்லையென்றால் கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.