கறுத்த பழம்... கலக்கல் அப்பம்!

உங்க ரூம்ல கதவு ஆணியில மாட்டியிருக்கிற கவருக்குள்ள கொஞ்சம் எட்டிப் பாருங்க. நாலஞ்சு வாழைப்பழம் இருக்கும். கிரிவலம் போன ரூம்மேட் வாங்கிட்டு வந்ததா இருக்கலாம். ஊர்லேருந்து அம்மா கொடுத்தனுப்பின சீப்பா இருக்கலாம். மூணே நாள்... தோல்ல கறுப்புப் புள்ளி விழுந்ததும், ‘ச்சீ, அழுகிப்போச்சு!’ன்னு மூக்கைப் பிடிச்சுக்கிட்டு குப்பைக்கூடையில போடுறோம். இதானே நம்ம வழக்கம்?

கொஞ்சம் பொறுங்க. அது அழுகல் இல்ல... கனிவு! ரெண்டுக்கும் வித்தியாசம் தெரிஞ்சா, சாயங்காலப் பசிக்கு சூடா ஒரு ஸ்வீட் ரெடி.

வாங்க, திருவண்ணாமலை ரமணாசிரமம் ஏரியாவுக்கு ஒரு ரவுண்டு போயிட்டு வரலாம். பெரிய கோயில்லேருந்து செங்கம் ரோட்டுல ரெண்டு கி.மீ. நடந்தா ஆசிரமம். 14 கி.மீ. கிரிவலப் பாதையில இந்த இடமும் வரும். பௌர்ணமி ராத்திரி இங்கே ஜனம் அலை அலையா போகும். மறுநாள் காலையில பார்த்தீங்கன்னா, விக்காம நின்னுபோன பழத்தோட தோல் வெயில்ல கறுத்துக்கிட்டே வரும். விலை இறங்கிக்கிட்டே வரும். பொழுது சாயறதுக்குள்ள வித்தாகணுமேங்கிறது வண்டிக்காரரோட கவலை.

அதே ஏரியாவுல வெளிநாட்டுக்காரங்க லேப்டாப்போட உட்கார்ந்திருக்கிற கஃபேக்களும் இருக்கு. அங்கே பனானா கேக், பான்கேக்னு ஸ்டைலா தட்டுல வரும் பாருங்க... அதுக்கு எந்தப் பழம் பெஸ்ட்னு நினைக்கிறீங்க? நாம ‘ச்சீ’ன்னு தள்ளின அதே கறுத்த பழம்தான்!

இதுக்கு ஒரு குட்டி வரலாறே இருக்கு. 1930-கள்ல அமெரிக்காவுல பெரிய பொருளாதார மந்தம். வேலை இல்ல, கையில காசு இல்ல. எதையும் தூக்கி எறிய மனசு வராத காலம். பேக்கிங் பவுடரும் அப்போ வீட்டுக்கு வீடு வந்திருந்துச்சு. பனானா பிரெட் குறிப்புகள் அங்கே சமையல் புத்தகங்கள்ல பரவினது அந்த நேரத்துலதான். அப்புறம் 2020 லாக்டவுன்ல உலகமே அதைச் சுட்டு, போட்டோ எடுத்துப் போட்டு லைக் வாங்குச்சு.

அவங்களுக்கு பனானா பிரெட்னா, நமக்கு அப்பம். கார்த்திகை அன்னிக்கு 2668 அடி உயர அண்ணாமலை உச்சியில தீபம் எரியும்போது, நம்ம வீடுகள்ல அகல் விளக்குக்கு முன்னாடி என்ன இருக்கும்? பொரி உருண்டை... அப்பம்! கல்லணைக்குப் பக்கத்துல கோவிலடின்னு ஒரு ஊர். அங்கே பெருமாளுக்குப் பேரே அப்பக்குடத்தான். அவருக்கு தினமும் அப்பம்தான் நைவேத்தியம். கேரளாவுல கொட்டாரக்கரைப் பிள்ளையாருக்கு உண்ணியப்பம். வீட்டுல பாட்டி அப்பத்துக்கு மாவு கரைக்கும்போது பளபளன்னு இருக்கிற பழத்தையா தேடுவாங்க? தொட்டா குழையற பழத்தைத்தான் எடுத்துப் போடுவாங்க.

பாட்டி கெமிஸ்ட்ரி படிக்கல. ஆனா அந்த சாய்ஸ் பக்கா சயின்ஸ்!

வாழைக்காய்ல சுமார் 20 சதவீதம் மாவுச்சத்து. பழுக்கும்போது பழமே எத்திலீன்னு ஒரு வாயுவை வெளியிடும். அதோட தூண்டுதல்ல மாவுச்சத்து சர்க்கரையா மாறும். நல்லா கனிஞ்ச பிறகு மிஞ்சுற மாவுச்சத்து ஒண்ணு, ரெண்டு சதவீதம்தான். அதாவது, தோல் கறுக்கக் கறுக்க உள்ளே இனிப்பு ஏறிக்கிட்டிருக்கு. வெட்டி வைச்ச ஆப்பிள் நிறம் மாறுதில்லையா... தோல்ல விழற புள்ளியும் அந்த மாதிரி சமாசாரம்தான். ஃப்ரிட்ஜ்ல வைச்ச பழம் கறுத்துட்டாலும் பயப்படாதீங்க. குளிர் தாங்காம தோல் கறுத்திருக்கும். உள்ளே பழம் நல்லாவே இருக்கும். உரிச்சுப் பார்த்துட்டு முடிவு பண்ணுங்க.

‘அதெல்லாம் சரி... ஒரு டஜன் பழத்துக்குப் போய் இவ்வளவு கஞ்சத்தனமா?’ன்னு கேக்கறீங்களா? மேட்டரே இங்கேதான் இருக்கு.

ரமணர் 1896-ல திருவண்ணாமலைக்கு வந்தப்போ அவருக்கு வயசு 16. பல வருஷம் பிச்சை எடுத்து வந்த சாப்பாடுதான். 1916-ல மகனோட வந்து தங்கின அம்மா அழகம்மாள்தான் அங்கே அடுப்பு மூட்டினாங்க. 1922-ல அவங்க மறைஞ்ச பிறகு, மலையடிவாரத்துல அவங்க சமாதியைச் சுத்தித்தான் இன்னிக்கு நாம பார்க்கிற ஆசிரமமே வளர்ந்துச்சு. அந்த ஆசிரம அடுக்களையில ரமணர் விடியறதுக்கு முன்னாடியே எழுந்து வந்து காய் நறுக்கின வருஷங்கள் நிறைய. உலகம் முழுக்கத் தேடி வந்து பார்த்த ஒரு ஞானி, கையில அரிவாள்மனையோட!

அங்கே சமையல் பண்ணின சம்பூர்ணம்மாள் ஒரு சம்பவத்தைப் பதிவு பண்ணியிருக்காங்க. ஒரு தடவை கத்திரிக்காய் குவிஞ்சிருச்சு. தினமும் கத்திரிக்காய் சமையல். மூலையில காம்பு மட்டும் ஒரு குவியல். ‘இதையும் கறி பண்ணுங்க’ன்னுட்டார் ரமணர். மாடுகூட தொடாத காம்பு! பட்டாணியோட சேர்த்து மணிக்கணக்கா வேக வைச்சும் வேகல. கடைசியில அவரே அடுப்படிக்கு வந்து கரண்டியால கிளறிவிட்டுப் போக, காம்பு பதமா வெந்து எல்லாருக்கும் பரிமாறினாங்க. தரையில சிந்தின அரிசியையும் அவர் ஒவ்வொண்ணா பொறுக்கி எடுப்பார்னு கூட இருந்தவங்க சொல்லியிருக்காங்க.

இதுக்குப் பேர் கஞ்சத்தனமா? கஞ்சன் தனக்குன்னு சேர்த்து வைப்பான். இவர் சமைச்சது பந்தி முழுக்கப் போச்சு. மத்தவங்களுக்குப் போடாததைத் தனக்குப் போட்டா ஏத்துக்கவே மாட்டார். யாரோ விளைவிச்சு, யாரோ சுமந்து கொண்டு வந்த பொருள் மேல வைக்கிற மரியாதை அது. ஒரு வாழைத்தார் வெட்டுக்கு வர கிட்டத்தட்ட ஒரு வருஷம் ஆகும். நாம குப்பையில போட ஒரு செகண்ட்!

கணக்கும் சொல்லிடறேன். ஐ.நா. சுற்றுச்சூழல் அமைப்பு 2024-ல வெளியிட்ட அறிக்கைப்படி, 2022-ல மட்டும் உலகத்துல வீணான உணவு 105 கோடி டன். அதுல 60 சதவீதம் வீணானது ஹோட்டல்லயோ கடையிலயோ இல்ல... வீடுகள்ல! அதாவது, உங்க வீடு, எங்க வீடு.

சரி, லெக்சர் ஓவர். கையைக் கழுவிட்டு வாங்க, சமைக்கலாம்.

தேவையானவை: நல்லா கனிஞ்ச வாழைப்பழம் 2, கோதுமை மாவு 1 கப், அரிசி மாவு 2 ஸ்பூன், பொடிச்ச வெல்லம் அரை கப், தேங்காய்த் துருவல் 2 ஸ்பூன், ஏலக்காய் 2, உப்பு ஒரு சிட்டிகை, நெய் அல்லது எண்ணெய் கொஞ்சம்.

வெல்லத்தை கால் கப் வெந்நீர்ல கரைச்சு வடிகட்டுங்க. வடிகட்டாம விட்டா மண்ணு நறநறக்கும். பழத்தைக் கையாலயே மசிங்க, மிக்ஸி வேண்டாம். மத்ததெல்லாம் சேர்த்து இட்லி மாவு பதத்துக்குக் கரைச்சுக்கங்க. கெட்டியா இருந்தா ஒரு கரண்டி தண்ணி. பத்து நிமிஷம் ஊறட்டும். பணியாரக்கல்லைக் காய வைச்சு, குழிக்குக் குழி நெய் விட்டு, முக்கால் குழி மாவு ஊத்துங்க. தீ சின்னதாவே இருக்கணும். பழத்துலயும் வெல்லத்துலயும் சர்க்கரை ஜாஸ்தி. தீயைக் கூட்டினா வெளியே கருகும், உள்ளே மாவு வேகாது. ஓரம் சிவந்ததும் குச்சியால திருப்பிப் போடுங்க. குச்சியைக் குத்திப் பார்த்து மாவு ஒட்டலைன்னா... அப்பம் ரெடி! கல்லு இல்லையா? தோசைக்கல்லுல குட்டிக் குட்டியா ஊத்துங்க. அதுதான் நம்ம ஊரு பான்கேக்!

எந்தப் பழம்? பூவன் சூப்பர். கற்பூரவள்ளின்னா இனிப்பு தூக்கல்; வெல்லத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கங்க. பச்சை வாழைப்பழமும் ஓ.கே.

‘எங்க ஹாஸ்டல்ல அடுப்பே கூடாது சார்’னு ஒரு கோஷ்டி இருக்குமே... உங்களுக்கும் வழி இருக்கு. ஒரு கப் அவலைக் கழுவிப் பிழிஞ்சு வைங்க. ரெண்டு பழத்தை மசிச்சு, நாட்டுச் சர்க்கரை, தேங்காய்த் துருவல் சேர்த்துப் பிசைங்க. அஞ்சே நிமிஷம்! இன்னும் கொஞ்சம் காசு இருந்தா பேரீச்சம்பழம், கற்கண்டு, தேன், நெய்... பஞ்சாமிர்தம் ஆயிடும். பழநி பஞ்சாமிர்தம் 2019-ல புவிசார் குறியீடு வாங்கிச்சு தெரியுமா? அதுக்கும் உயிர், கனிஞ்ச மலை வாழைப்பழம்தான்.

ஒரே ஒரு வார்னிங். பூஞ்சை பிடிச்சிருந்தா, தோல் வெடிச்சுத் தண்ணி வடிஞ்சா, புளிச்ச வாடை அடிச்சா, அந்தப் பழம் வேண்டவே வேண்டாம். அங்கே மரியாதையைவிட வயிறு முக்கியம். நல்ல பழத்தோட தோலை கவரோட சேர்த்து ரோட்டுல வீசாம, தனியா எடுத்து மாட்டுக்குப் போடுங்க.

அடுத்த தடவை பழக்கடைக்குப் போறப்போ, ஓரமா ஒதுக்கி வைச்சிருக்கிற சீப்பைக் கேட்டு வாங்குங்க. ‘அது கனிஞ்சு போச்சுப்பா’ன்னு கடைக்கார அண்ணன் தயங்குவார். ‘அதான்ணே வேணும்’னு சொல்லுங்க. உங்க பர்ஸுக்கும் லாபம், அவருக்கும் நஷ்டம் குறையும். ராத்திரி ரூம்ல ஆளுக்கு நாலு அப்பம்... பக்கத்து ரூமுக்கும் ரெண்டு எடுத்து வைச்சிடுங்க, என்ன?