பட்டத்தின் பெயர்

சரித்திரத்தில் பி.ஏ. தேறிய நம் பழைய மாணாக்கன் ஒருவன் வாடிய முகத்துடன் வந்தான். பௌதிக ஆராய்ச்சிக்கு விண்ணப்பித்தானாம். பட்டத்தின் பெயரைக் கண்டதுமே தள்ளிவிட்டார்களாம்!

அமெரிக்கரான எட்வர்டு விட்டன் 1971-ல் பிராண்டைஸ் சர்வகலாசாலையில் பெற்றதும் சரித்திரப் பட்டமே. பொருளாதாரத்தைச் சில மாதம் படித்து விட்டுவிட்டார்; 1972-ல் தேர்தல் வேலை வேறு. அத்தகையவரைப் பிரின்ஸ்டன் சர்வகலாசாலை 1973-ல் பிரயோக கணிதம் பயிலச் சேர்த்துக்கொண்டது. பிறகு பௌதிகத்துக்கு மாறி, 1976-ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1990-ல் கணிதத்தின் உயரிய பரிசாகிய பீல்ட்ஸ் பதக்கமும் அவரை அடைந்தது. தந்தையார் பௌதிக நிபுணர் என்பதையும் நாம் மறைப்பதற்கில்லை. வீட்டில் கற்றது பட்டத்தில் தெரியுமா, என்ன?

“கணிதம் எவ்வளவு தெரியும்?” என்று மாணாக்கனைக் கேட்டோம். கணக்குகள் நிறைந்த மூன்று நோட்டுப் புத்தகங்களை மேஜைமீது வைத்தான். அவற்றைக் காட்டும்படி அங்கே ஒருவரும் கேட்கவில்லையாம்.