வட்டாரக் கவுன்ஸில் வழியாய் மேல்சபைத் தலைமை

ஜனநாயகம் என்ற பேரால் உலகத்தில் நடக்கும் வேடிக்கைகளில், 2011-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் ருஷியாவில் நடந்த ஒரு தேர்தலுக்கு ஈடானது கிடைக்குமா என்பது சந்தேகமே.

வாலென்டினா மத்வியென்கோ அம்மையார் பீட்டர்ஸ்பர்க் நகரத்துக்கு 2003 முதல் 8 வருஷம் கவர்னராயிருந்தவர். ஒரு பெண் அப்பதவிக்கு வந்தது அதுவே முதல் தடவை. இதற்காக நாமும் சந்தோஷப்படலாம். முதலில் ஜனங்கள் ஓட்டுப் போட்டுத்தான் அவர் வந்தார். ஆனால் 2004-ல் கவர்னர் தேர்தலையே எடுத்துவிட்டு, ஜனாதிபதி ஒரு பேரைச் சொல்வது, மாகாணச் சட்டசபை தலையை ஆட்டுவது என்று சட்டம் செய்துவிட்டார்கள். 2006-ல் அம்மையார் மறுபடி பதவி பெற்றது இந்த வழியில்தான். அதற்குமேல் அவர் கண் ஊரார் பக்கம் இருக்குமா, பேரைச் சொன்னவர் பக்கம் இருக்குமா என்பதற்கு ஜோசியரைக் கேட்க வேண்டியதில்லை. காஸ்ப்ரோம் கம்பெனிக்காகப் பழைய நகரத்தருகே 400 மீட்டர் உயரக் கோபுரம் எழுப்ப அவர் ஆதரவாய் நின்றார். ஊரார் போட்ட கூச்சலின் பேரில் 2010 கடைசியில் அதை வேறிடத்துக்கு மாற்றினார்கள். கூரைகளில் தொங்கிய பனிக்கட்டி பாதசாரிகள் தலையில் விழுந்தபோது, லேசர் கொண்டு அறுக்கலாமே என்றாராம் அம்மையார்!

நிற்க, 2011-ல் பீட்டர்ஸ்பர்க் சட்டசபையார் தங்கள் மேல்சபைப் பிரதிநிதியான மிரோனோவைத் திருப்பியழைத்தார்கள். அவரே மேல்சபைத் தலைவருமாயிருந்ததால் அந்த நாற்காலி காலியாயிற்று. அதில் அம்மையாரை உட்கார்த்த ஏற்பாடாயிற்று. ஒரே ஒரு இடைஞ்சல். மேல்சபைக்குப் போகிறவர் உள்ளூரில் ஏதாவதொரு சபைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவராயிருக்க வேண்டுமென்பது சட்டம். அதற்கென்ன? க்ராஸ்னென்காயா ரேச்கா, பெத்ரோவ்ஸ்கி என்னும் இரண்டு சிறு வட்டாரக் கவுன்ஸில்களில் மெம்பர்கள் திடீரென்று ராஜிநாமாச் செய்தார்கள். அம்மையார் அங்கே நிற்கிறார் என்ற சேதி, நாமினேஷன் காலம் முடிந்த பிறகே வெளியாயிற்று! எதிர்க்கட்சியார் எங்கே போய் நிற்பது? இரண்டிடத்திலும் அவருக்கு 100-க்கு 90-க்கு மேல் ஓட்டு. அடுத்த மாதமே மேல்சபைத் தலைமை. பந்தயம் நடக்கும் இடத்தையே மறைத்து வைத்துவிட்டு, தனியே ஓடி முதலாவதாய் வந்தேன் என்றால் அதற்குப் பேர் ஜெயமா?

இது வெறும் சிரிப்புக்குரிய விஷயமென்று விட்டுவிடக்கூடாது. 2014 மார்ச்சு 1-ந் தேதி உக்ரேனுக்குள் பட்டாளம் அனுப்ப அந்த மேல்சபை அனுமதி கொடுத்தது. 2022 பிப்ரவரி 22-ந் தேதி, அந்நிய மண்ணில் பட்டாளத்தை உபயோகிக்க மறுபடி அனுமதி கொடுத்தது. முதல் தடவை 90 ஓட்டு. இரண்டாம் தடவை 153 ஓட்டு. இரண்டு தடவையும் எதிர் ஓட்டு ஒன்றுகூட இல்லை. தலைமை வகித்த அம்மையார் பிறந்ததோ உக்ரேனிலுள்ள ஷெபெத்தீவ்கா என்ற ஊரில்!

அந்த 153 பேரில் ஒருவரையாவது ஜனங்கள் நேரே ஓட்டுப் போட்டு அங்கே அனுப்பினார்களா என்றால், இல்லை. அப்படி நடந்தது 1993-ல் முதல் சபைக்கு மட்டும்தான். 2022 செப்டம்பரில் 3 லக்ஷம் பேரைப் பட்டாளத்துக்குச் சேர்க்க உத்தரவு பிறந்ததே, அந்தப் பிள்ளைகளின் தாய் தகப்பன்மார் யார் வாசலில் போய் நின்று, "உன்னை நாங்கள்தானே அனுப்பினோம், எங்களைக் கேட்காமல் ஏன் கையைத் தூக்கினாய்?" என்று கேட்பது?