ஐயாயிரம் பவுண்டு என்னும் அரை உண்மை

அமெரிக்காவில் மே மாதக் கடைசியில் வரும் மெமோரியல் டே விடுமுறையோடு முகாம் பருவம் களைகட்டிவிடும். படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாம் அடங்கிய டிரெய்லரைக் காரின் பின்னால் மாட்டிக்கொண்டு யெல்லோஸ்டோனுக்கும் கிராண்ட் கேன்யனுக்கும் குடும்பம் குடும்பமாகக் கிளம்புவார்கள். கரோனா காலத்தில் விமானமும் விடுதியும் வேண்டாமென்று ஒதுங்கியவர்கள் இந்தப் பக்கம் திரும்பினார்கள். 2021-ல் மட்டும் 6 லட்சம் பொழுதுபோக்கு வாகனங்கள் ஆலைகளிலிருந்து வெளியேறின. அதுவரை காணாத உச்சம் அது. அவற்றில் பெரும்பகுதி இழுத்துச் செல்லும் டிரெய்லர்கள். வாங்கியவர்களில் பலரிடம் பிக்அப் டிரக் கிடையாது. பள்ளிக்கும் அலுவலகத்துக்கும் ஓடும் நடுத்தர எஸ்யூவிதான் இருக்கிறது. அங்குள்ள தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வாசலில் நிற்பதும் அதுவே: ஹோண்டா பைலட், டொயோட்டா ஹைலேண்டர், கியா டெலுரைட்.

நான்கு சக்கர இயக்கம் கொண்ட பைலட், பெட்ரோலில் ஓடும் ஹைலேண்டர், டெலுரைட் ஆகியவை பல ஆண்டுகளாக ஒரே எண்ணைச் சொல்லித்தான் விற்கப்பட்டன: இழுவைத் திறன் 5,000 பவுண்டு, அதாவது சுமார் 2,270 கிலோ. டிரெய்லர் விற்பவருக்கு இந்த எண் ஒன்றே போதும். உங்கள் வண்டி 5,000 இழுக்கும், இந்த டிரெய்லரோ 3,800தான், ‘லைட்வெயிட்’ ரகம் என்பார். வாங்குபவரும் கழித்துப் பார்த்து, 1,200 பவுண்டு மிச்சம் என்று நிம்மதியாகக் கையெழுத்துப் போடுவார். அந்த மிச்சம் காகிதத்தில் மட்டுமே இருக்கிறது.

முதலில் அந்த 3,800. அது ஆலையிலிருந்து வெளிவரும்போது டிரெய்லரின் வெற்று எடை. முப்பது கேலன் தொட்டியில் தண்ணீர் நிரப்பினாலே 250 பவுண்டு ஏறும். இரண்டு கேஸ் சிலிண்டர், பேட்டரி, பாத்திரம், போர்வை, மடக்கு நாற்காலி, ஒரு வாரத்துக்கான மளிகை எல்லாம் சேரும்போது எளிதாக 700 பவுண்டு கூடிவிடும். சாலையில் உருளப்போவது 4,500 பவுண்டு. ‘லைட்’ என்பது விற்பனைக்காகச் சூட்டிய பெயர். எத்தனை பவுண்டுக்குள் இருந்தால் அந்தப் பெயர் வைக்கலாம் என்று யாரும் வரம்பு கட்டவில்லை.

அடுத்தது டங் வெயிட். டிரெய்லரின் முன்முனை காரின் கொக்கிமீது கீழ்நோக்கி அழுத்தும் எடை இது. டிரெய்லரின் மொத்த எடையில் 10 முதல் 15 சதவீதம் வரை இது இருக்க வேண்டும் என்பது அமெரிக்க நடைமுறை. 5,000 பவுண்டு இழுக்கும் எஸ்யூவிகளில் பெரும்பாலானவற்றின் கொக்கி 500 பவுண்டு அழுத்தத்தை மட்டுமே தாங்கும். கையேட்டில் அப்படித்தான் போட்டிருக்கும். நடுவாக 13 சதவீதம் என்று வைத்துக்கொண்டால், 4,500 பவுண்டு டிரெய்லர் 585 பவுண்டு அழுத்தும். வரம்பு தாண்டியாயிற்று. 500 பவுண்டுக்குள் நிற்க வேண்டுமானால், நிரப்பிய டிரெய்லர் 3,850 பவுண்டைத் தாண்டக் கூடாது. ஐயாயிரம் என்று விற்ற வண்டியின் நடைமுறை வரம்பு இதுதான்.

பத்து சதவீதத்தோடு நிறுத்திக்கொண்டால் 5,000 வருமே என்று கேட்கலாம். வரும். ஆனால் அது விளிம்பில் நடக்கிற காரியம். தண்ணீர்த் தொட்டி அச்சுக்குப் பின்னால் இருக்கும் டிரெய்லரில், தொட்டியை நிரப்பியதும் முன்பாரம் குறையும். பின் பம்பரில் இரண்டு சைக்கிளை மாட்டினால் இன்னும் குறையும். முன்பாரம் குறைந்த டிரெய்லர் வேகம் எடுத்ததும் வாலாட்டத் தொடங்கும். பக்கத்தில் பெரிய லாரி ஒன்று விரைந்து முந்தும்; அது தள்ளும் காற்றில் டிரெய்லர் ஒரு பக்கம் ஒதுங்கி மறுபக்கம் வீசும்; அடுத்த வீச்சு முன்னதைவிடப் பெரிதாக இருக்கும். காரின் பின்பகுதியையே அது இப்படியும் அப்படியும் இழுக்கும். பதறிப்போய் பிரேக்கை மிதித்தால், பின்னாலிருந்து தள்ளும் எடை காரை மடக்கிவிடும். ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்தபடி, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் அழுத்த வேண்டும். அதற்கான பிரேக் கன்ட்ரோலர் இந்த வகை எஸ்யூவிகள் பலவற்றில் ஆலையிலிருந்து வருவதில்லை. தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். விற்பனைக்கூடத்தில் இதையெல்லாம் யாரும் சொல்லித்தருவதில்லை; டிரெய்லர் இழுக்கத் தனி ஓட்டுநர் தேர்வும் பெரும்பாலான மாநிலங்களில் தேவையில்லை.

5,000 என்ற அந்த எண் பொய் என்று சொல்ல வரவில்லை. ஒரு காலத்தில் ஒவ்வொரு நிறுவனமும் தன் இஷ்டத்துக்கு இழுவைத் திறனை அறிவித்துக்கொண்டிருந்தது. அமெரிக்க வாகனப் பொறியாளர் சங்கம் வகுத்த ஜே2807 என்ற தரவிதி அதற்குக் கடிவாளம் போட்டது. 2011 மாடல்களுக்கு அதை முதலில் ஏற்றது டொயோட்டா. அரிசோனாவில் டேவிஸ் அணைக்கு அருகே 11 மைலுக்கும் மேல் நீளும் மலையேற்றத்தை, 100 டிகிரி ஃபாரன்ஹீட் வெயிலில், ஏசியை முழுவதுமாக ஓடவிட்டு, மணிக்கு 40 மைல் வேகத்துக்குக் குறையாமல் ஏறிக் காட்ட வேண்டும். கடுமையான சோதனைதான். ஆனால் அந்தக் கணக்கில் வண்டிக்குள் இருப்பவர்கள் இரண்டே பேர், ஆளுக்கு 150 பவுண்டு. பாட்டி இல்லை, பிள்ளைகள் இல்லை, குக்கரும் இட்லி மாவும் இல்லை.

நம் வீட்டுக் கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு சிறு ஒட்டுத்தாள் இருக்கும்; ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். இதுதான் பேலோட். 1,400 என்று வைத்துக்கொள்வோம். அப்பா, அம்மா, பாட்டி, இரண்டு பிள்ளைகள் சேர்ந்து 600. டங் வெயிட் 500. அதுவும் கார் சுமக்கும் எடைதான். எடையை முன்சக்கரங்களுக்கும் பகிர்ந்தளிக்கும் ஹிட்ச் 80. மிச்சம் 220 பவுண்டில் பெட்டி, ஐஸ் பெட்டி, தள்ளுவண்டி எல்லாம் அடங்க வேண்டும். கண்ணாடிக் கூரையும் பெரிய சக்கரங்களும் கொண்ட உயர்ரக மாடலில் அதே ஒட்டுத்தாள் 1,200 என்று சொல்லக்கூடும். அப்போது மிச்சம் வெறும் 20. கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய வண்டி குறைவாகச் சுமக்கும் என்பது பலருக்கும் உறைப்பதில்லை.

எடையைத் தவிர காற்றும் இருக்கிறது. எட்டடி அகலமும் பத்தடி உயரமும் கொண்ட சுவரை நெடுஞ்சாலை வேகத்தில் இழுப்பதற்கு எடையைவிடக் காற்றே பெரிய தடை. மைலேஜ் பாதியாகிவிடும். வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையைப் பலத்த காற்று வீசும்போது எடை குறைந்த, உயரமான வாகனங்களுக்கு மட்டும் மூடிவிடுவார்கள். லைட்வெயிட் டிரெய்லர் அந்தப் பட்டியலில்தான் வரும். கொலராடோவின் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,158 அடி உயரத்தில் இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் அங்கே ஏறுவதற்குள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தியை இழந்திருக்கும்.

டிரக் வாங்கு, இல்லையேல் வீட்டில் இரு என்று சொல்லும் கூட்டமும் அங்கே உண்டு. அதையும் ஏற்பதற்கில்லை. சொகுசு வசதிகளை அள்ளித் திணித்த பிக்அப்கள் சிலவற்றின் பேலோட், நம் எஸ்யூவியைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை. ஐரோப்பியர்கள் இதைவிடச் சிறிய கார்களில் காலங்காலமாகக் கேரவன் இழுக்கிறார்கள். அவர்களின் டிரெய்லர் இலகுவானது, கொக்கிமீது பாரமும் குறைவு. அதற்கு ஈடாக வேகத்தைக் கட்டுப்படுத்துகிறார்கள். ஜெர்மனியில் பொது வரம்பு மணிக்கு 80 கி.மீ.; தனி அனுமதி பெற்றால் 100. அமெரிக்காவில் கலிஃபோர்னியா 55 மைலில் (88 கி.மீ.) நிறுத்துகிறது, பல மாநிலங்கள் காருக்கான வேகத்தையே டிரெய்லருக்கும் அனுமதிக்கின்றன. டிரெய்லர் டயர்கள் பலவும் 65 மைலுக்கு மட்டுமே தயாரானவை என்பது சட்டமன்றங்களுக்குத் தெரியாதா?

இழுவைத் திறனை எந்த அளவு எழுத்தில் விளம்பரம் செய்கிறார்களோ, அதே அளவில் பேலோடையும் டங் வெயிட் வரம்பையும் பக்கத்திலேயே அச்சிட வேண்டும் என்று ஒரு விதி வந்தால் போதும். பாதி விற்பனைப் பேச்சு அடங்கிவிடும். கார் நிறுவனங்களுக்கு அதில் அக்கறை இல்லை. 5,000 விற்கிற எண். 1,200 விற்காத எண்.

விதி வரும்வரை வாங்குபவர்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். விற்பனைக்கூடத்துக்குப் போகும் முன் கதவுத் தூணில் உள்ள ஒட்டுத்தாளைப் படமெடுத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் வெற்று எடையை விட்டுவிட்டு, அதன் அதிகபட்ச எடையைக் கேளுங்கள். வாங்கிய பிறகு, சாமான் ஏற்றி, குடும்பத்தையும் உட்காரவைத்து, லாரிகள் நிற்கும் இடத்தில் உள்ள கேட் (CAT) எடைமேடையில் ஒருமுறை ஏற்றிப் பாருங்கள். சில டாலர்தான் செலவு. 5,000 பவுண்டு எஸ்யூவியும் ஐந்து பேர் குடும்பமும் உங்களிடம் இருந்தால், வெற்று எடை 3,000 பவுண்டைத் தாண்டிய டிரெய்லர், எவ்வளவு தள்ளுபடியில் கிடைத்தாலும், வேண்டாம்.