மரத்தட்டும் தங்கமும்

வேலூர் லாங் பஜாரில் வாங்கி வந்த அரிசியை நம் வீட்டுப் பெண்மணிகள் அரிப்பதைக் கவனித்திருக்கிறீர்களா? நீரோடு பாத்திரத்தை அசைக்க அசைக்க, அரிசி நகர்ந்து வரும். கனமான கல் அடியில் தங்கும். ஓடை மணலிலிருந்து பொன் எடுக்கும் வித்தையும் இதுவேதான். மணலைக் காட்டிலும் பொன் ஏழு மடங்கு கனமானது. மண்வெட்டி, மரத்தட்டு, தண்ணீர் இவை போதும். பொறுமைதான் ஏராளமாக வேண்டும்.

காட்பாடியில் ரயிலேறிப் பங்காருப்பேட்டையில் இறங்கினால் கோலார் தங்கவயல் சமீபம். அப்பக்கத்துக் கிராமவாசிகளுக்கு இவ்வித்தை கைவந்திருந்தது. 1802-ல் சர்வே வேலையாக வந்த லெப்டினென்ட் வாரன், பொன் காட்டுவோருக்கு வெகுமதி என்று அறிவித்தார். ஜனங்கள் வண்டிகளில் மண்ணைக் கொணர்ந்து, அவர் கண்ணெதிரே அலசிப் பொன் துகள்களை எடுத்துக் காட்டினர்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனி அங்கே கால் வைத்தது. நம் வட ஆற்காட்டுத் தமிழர்கள் ஆயிரக்கணக்கில் கூலிக்குச் சென்றனர். காலக்கிரமத்தில் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் கீழே இறங்கிற்று. லாபம் கப்பலேறிச் சீமைக்குப் போயிற்று. பாறைத் தூசி தொழிலாளியின் நுரையீரலில் தங்கிற்று.

2001-ல் சுரங்கம் மூடப்பட்டது. வாரனின் பெயர் சரித்திரத்தில் நிற்கிறது. தட்டைச் சுழற்றிக் காட்டிய கைகளுக்கு உரியவர் பெயர் எங்கே? சரித்திரத்தையும் நாம் ஒருமுறை அரித்துப் பார்ப்பது நல்லது. கனமான விஷயங்கள் அடியிலேதான் தங்கியிருக்கும்.