சும்மா தைக்கிறேன்

ஆணுக்கு ஞானமாகவும் பெண்ணுக்கு வசையாகவும் பயன்படும் ஒரே சொல் தமிழில் உண்டென்றால் அது 'சும்மா'தான். சும்மா இருக்கும் நிலை வாய்க்கவேண்டும் என்று ஏங்கிப் பாடினார் தாயுமானவர். 1896-இல், பதினாறு வயதில், மதுரை வீட்டைவிட்டுத் திருவண்ணாமலைக்குப் போன ரமணர் தம்மிடம் வந்தவர்களுக்குச் சொன்ன உபதேசமும் 'சும்மா இரு' என்பதே. அவரைத் தேடிப்போய் 1916-இல் அவருடனேயே தங்கிவிட்ட தாய் அழகம்மாள் அங்கே தொடங்கியது அடுப்படியை. மகன் சும்மா இருந்த மலையிலும் சோறு ஆக்க ஒரு பெண் வேண்டியிருந்தது.

பெண்ணிடம் வரும்போது இந்தச் சொல் தன் ஞானத்தைக் கழற்றி வைத்துவிடுகிறது. "வீட்டுக்காரம்மா என்ன பண்றாங்க?" "வீட்லதான், சும்மா இருக்காங்க." விடியலில் வாசல் தெளிப்பதில் தொடங்கி இரவு பாத்திரம் கவிழ்ப்பதுவரை ஓடும் ஒரு நாளை இந்த ஒரு பதில் துடைத்துப் போட்டுவிடும். மத்திய அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019-இல் சொன்னது: ஊதியமில்லா வீட்டு வேலையில் ஈடுபடும் பெண் நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களை அதில் செலவிடுகிறாள், அதில் ஈடுபடும் ஆணோ 97 நிமிடங்கள். 2024-இல் பெண்ணின் கணக்கு 289 ஆகக் குறைந்தது. ஆணின் கணக்கும் 88 ஆகக் குறைந்தது. நாம் பத்து நிமிடம் இறக்கி வைத்தால் அவர்கள் ஒன்பது நிமிடம் இறக்கி வைத்துவிடுகிறார்கள்.

இப்படிச் 'சும்மா இருக்கும்' பெண்ணுக்குத்தான் ஒவ்வொரு பங்குனியிலும் பெண்கள் பக்கங்கள் யோசனை சொல்ல வருகின்றன. பிள்ளைகளுக்குப் பரீட்சை முடியப் போகிறது, விடுமுறை வருகிறது, மொட்டைமாடியில் தொட்டிச்செடி வையுங்கள், கையால் தைக்கப் பழகுங்கள், இவை 'பயனுள்ள பொழுதுபோக்கு' என்று. என் சண்டை தொட்டியோடும் ஊசியோடும் இல்லை. அந்தப் 'பயனுள்ள' என்ற சொல்லோடுதான்.

தொட்டியில் செடி வளர்ப்பதும் கையால் துணி தைப்பதும் எனக்குப் பிடிக்கும். பழந்தமிழ்ப் பருவக் கணக்கில் சித்திரையும் வைகாசியும் இளவேனில். மதுரையில் அந்த இளவேனிலுக்கு இளமை கிடையாது. பங்குனியிலேயே தளம் சுடும். கறுப்பு பிளாஸ்டிக் வாளியில் வைத்த செடிக்கு வெயில் இலையில் இறங்குவதற்கு முன் வேரில் ஏறிவிடும். எனவே தொட்டியைச் சுவர் நிழலுக்கு நகர்த்தவேண்டும். பச்சை வலை கட்டவேண்டும். மண்ணோடு தென்னைநார்க் கழிவு கலந்து ஈரத்தைப் பிடித்துவைக்கவேண்டும். காலையிலும் மாலையிலும் தண்ணீர் ஊற்றவேண்டும். கார்த்திகை மார்கழியில் கவாத்து செய்த மல்லிகை, மாசியில் தளிர்த்துப் பங்குனியில் மொக்கு வைக்கும். அந்த முதல் மொக்கை விரலால் தொட்டுப் பார்க்கிற நிமிடம் இருக்கிறதே, அதை எந்தக் கணக்கில் எழுதுவது? பழைய பருத்திச் சேலைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஓட்டுத்தையல் போட்டுக்கொண்டு போகும்போது, கை தன்பாட்டுக்கு நடக்க மனம் தன்பாட்டுக்கு உலவுகிற அந்த ஒரு மணி நேரத்தை எதனோடு நேர்வைப்பது?

ஆனால் நம் வீடுகள் நேர்வைக்கத் துடிக்கின்றன. கத்தரி காய்த்தால் "காய்கறிச் செலவு மிச்சம்." ரவிக்கைக்குக் கொக்கி வைத்தால் "தையற்கூலி மிச்சம்." காய்க்காத செடியையும் யாரும் போர்த்தாத விரிப்பையும் வைத்துக்கொண்டிருப்பவள் "நேரத்தை வீணாக்குகிறாள்." அதே வீட்டுக் கூடத்தில் ஐந்து மணி நேரம் கிரிக்கெட் பார்த்துவிட்டு எழுகிறவரிடம் இன்று எவ்வளவு மிச்சம் பிடித்தீர்கள் என்று யாராவது கேட்டிருக்கிறார்களா? ஆணின் ஓய்வு ஓய்வாகவே இருக்கலாம். பெண்ணின் ஓய்வு மட்டும் வரவுக் கணக்கைக் கையில் பிடித்துக்கொண்டு வரவேண்டும்.

பயன் கேட்பதோடு நிற்கவில்லை, தகுதியும் கேட்கிறார்கள். மாதவிலக்கு நாளில் செடியைத் தொடாதே, பட்டுப்போகும் என்கிறார்கள். துளசிக்கும் மல்லிகைக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் வேண்டும், வெயில் வேண்டும். தேதி பார்க்கத் தெரியாது. செடி பட்டுப்போனால் வேரில் நீர் தேங்கியிருக்கும், மாவுப்பூச்சி மொய்த்திருக்கும், அல்லது அந்த மூன்று நாளும் தண்ணீர் ஊற்ற வேறு யாரும் மாடிக்கு வந்திருக்கமாட்டார்கள். கணவனை இழந்தவள் நிலை இதைவிடக் கொடியது. மல்லிகையை அவள் நடலாம், உரமிடலாம், பறிக்கலாம், தொடுக்கலாம். தன் தலையில் வைத்தால் மட்டும் ஊர் வாயைத் திறக்கும். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அந்த மல்லியைச் சூடும் உரிமை மதுரைப் பெண்கள் எல்லோருக்கும் இன்னும் கிடைக்கவில்லை.

'வசந்தம்', 'தையல்' என்ற இரண்டு சொற்களும் மதுரையில் ஒரே கூரைக்கடியில் இருந்ததுண்டு. மீனாட்சியம்மன் கோயிலுக்குக் கிழக்கே 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் வசந்த விழாவுக்காகக் கட்டிய புதுமண்டபத்துக்கு வசந்த மண்டபம் என்றும் பெயர். அண்மை ஆண்டுகளில் கடைகள் குன்னத்தூர் சத்திரத்துக்கு மாற்றப்படும்வரை, அந்தக் கல்தூண்களின் ஓரம் தையல் இயந்திரங்களோடு வரிசையாக உட்கார்ந்திருந்தவர்கள் ஆண்கள். சித்திரைத் திருவிழாவில் கள்ளழகர் வேடமிடுவோருக்கான உடைகளும் அங்கே தைக்கப்பட்டன. அவர்களும் உழைப்பாளிகள்தாம், அவர்கள்மீது எனக்குக் குறை எதுவுமில்லை. நான் காட்ட விரும்புவது அந்த இருக்கையை. ஊரின் நடுவில், கோயிலின் எதிரில், விலை பேசி, பெயர் சொல்லிக் கூப்பிடப்பட்டுத் தைத்தால் அது தொழில். அதே ஊசி வீட்டு வாசற்படியைத் தாண்டி உள்ளே போனால் அது பொழுதுபோக்கு.

இந்த ஏமாற்றின் முழு விலையையும் கொடுப்பவர்கள் வேறு பெண்கள். சுங்குடியை எடுத்துக்கொள்வோம். மதுரையின் சௌராட்டிரச் சமூகம் வளர்த்த கலை அது. 2005-இல் புவிசார் குறியீடு பெற்றது. துணியில் புள்ளி புள்ளியாகக் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி முடிச்சிட்டு, பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சை அவிழ்த்தால் சாயம் ஏறாத இடம் புள்ளியாக மலரும். ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கான முடிச்சுகள். அவற்றைப் போட்டவர்கள் பெரும்பாலும் பெண்கள், தத்தம் வீட்டுத் திண்ணையிலும் கூடத்திலும் இருந்தபடி. கண் எரியும், கழுத்து பிடிக்கும், விரல் நுனி காய்த்துப்போகும். கூலி துணிக் கணக்கு. ஏன் இவ்வளவு குறைவு என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்: "வீட்ல சும்மா இருக்கிற நேரத்துலதானே போடுறாங்க." இன்று அச்சிட்ட சேலைகள் சுங்குடி என்ற பெயரில் மலிவாகக் குவிகின்றன, கையால் முடிச்சிடுபவர்கள் அருகிவிட்டார்கள். கலை அழிகிறதே என்று அழுகிறவர்கள், அந்தக் கூலியில் எந்தத் தாய் தன் மகளை முடிச்சுப் போட உட்காரவைப்பாள் என்று கேட்பதில்லை.

மல்லிகையும் அப்படித்தான். திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கத்து வயல்களில் மொக்கு விரிவதற்கு முன் பறித்தாகவேண்டும். எனவே இருட்டோடு எழுந்து போகிறார்கள் பெண்கள். கூலி எடைக் கணக்கு. மொக்கு எவ்வளவு இலேசானது என்பது பறித்த விரலுக்குத்தான் தெரியும். பூச்சந்தையில் விலை எகிறிய நாளில் பறித்தவள் கூலி எகிறுவதில்லை. வீட்டில் உட்கார்ந்து சரம் தொடுப்பவளுக்கு முழக் கணக்கு.

வீட்டிலிருந்து செய்தாலும் வேலை வேலைதான், அதற்கும் மற்றத் தொழிலாளருக்கு இணையான பாதுகாப்பு வேண்டும் என்று சொல்லும் 177ஆம் உடன்படிக்கையைச் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1996-இல் நிறைவேற்றியது. அதற்காகக் குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் நின்றது, அகமதாபாத்தில் 1972-இல் எலா பட் தொடங்கிய சேவா என்ற நம் நாட்டுப் பெண்கள் சங்கம். அந்த உடன்படிக்கையை இந்தியா இன்னும் ஏற்புறுதி செய்யவில்லை.

அரசுக்கும் பெண் என்றால் ஊசிதான் நினைவுக்கு வருகிறது. கைம்பெண்களுக்கும் கைவிடப்பட்ட பெண்களுக்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவு இலவசத் தையல் இயந்திரத் திட்டம் இருக்கிறது. அதைப் பெற்றுப் பிழைத்த பெண்கள் பலர். நான் அதை இகழமாட்டேன். ஆனால் வறுமை என்றாலும் பெண்ணுக்குத் தையல், ஓய்வு என்றாலும் பெண்ணுக்குத் தையல் என்றால் நடுவில் அவள் விருப்பத்தைக் கேட்டது யார்? 2023 செப்டம்பர் 15 அன்று கலைஞர் மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. உதவி என்னாமல் உரிமை என்று பெயர் வைத்தது பெரிய அடி. அந்தப் பெயரை நாம் மெய்யாகவே எடுத்துக்கொள்வோம். இந்தியச் சராசரியான 289 நிமிடங்களை வைத்துக் கணக்குப் போட்டால் மாதத்துக்கு 144 மணி நேரம். மணிக்கு ஏழு ரூபாய்கூடத் தேறவில்லை. உரிமை தொடங்கியிருக்கிறது, கணக்கு இன்னும் தீரவில்லை.

இனி நம் பக்கத்துத் தோழர்களிடம் வருகிறேன். "அடுப்படியிலிருந்து வெளியே வர இவ்வளவு போராடிவிட்டு, மறுபடி ஊசியும் பூந்தொட்டியுமா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வியில் நியாயம் உண்டு. அடக்கமாக, தலைகுனிந்து, வாய்மூடி உட்காரப் பெண்ணைப் பழக்கிய கருவிகளில் ஊசியும் ஒன்று. ரோசிகா பார்க்கர் என்ற ஆங்கிலப் பெண்ணியர் 1984-இல் வெளியிட்ட தம் நூலில் இதைத்தான் ஐரோப்பியப் பூவேலையின் வரலாற்றை வைத்து விளக்கினார். அதே நூலில் அவர் இன்னொன்றையும் காட்டினார்: அடக்கப் பயன்பட்ட அதே ஊசியைக்கொண்டு பெண்கள் தம் மனத்தையும் எதிர்ப்பையும் துணியில் எழுதினார்கள். ஆலிஸ் வாக்கர் 1970களில் எழுதிய கட்டுரை ஒன்றில், எழுதப் படிக்க விடப்படாத கறுப்பினப் பெண்களின் கலை எங்கே போயிற்று என்று தேடிப் போகிறார். பெயர் தெரியாத ஒருத்தி கந்தல்களை ஒட்டித் தைத்த விரிப்பிலும், வயல்வேலை முடித்து வந்த தன் தாய் வளர்த்த பூந்தோட்டத்திலும் அதைக் கண்டெடுக்கிறார். தைத்தலும் செடியும் அவர்களுக்குப் பொழுதுபோக்காக இருக்கவில்லை. வேறு எதுவும் அனுமதிக்கப்படாத இடத்தில் மிஞ்சிய மொழியாக இருந்தன.

நம் மொழியிலேயே சான்று இருக்கிறது. 'தையல்' என்றால் தைப்பது. தையல் என்றால் பெண்ணும்தான். ஔவையின் ஆத்திசூடி அந்தச் சொல்லாலேயே பெண் பேச்சைக் கேட்காதே என்றது. பாரதியின் புதிய ஆத்திசூடி அதே சொல்லை எடுத்து அவளை உயர்த்தச் சொன்னது. 'பனுவல்' என்றால் நூற்ற இழை. பனுவல் என்றால் இலக்கியமும்தான். நற்றிணையில் ஆண் துணையற்ற பெண்கள் நூற்றுப் பிழைக்கிறார்கள். பவணந்தியாரின் நன்னூல், நூல் செய்யும் புலவனைப் பஞ்சு நூற்கும் பெண்ணுக்கு உவமிக்கிறது. உவமைக்கு அவள் கை வேண்டியிருந்தது. ஏட்டின் பக்கத்தில் அவளுக்கு இடம் தர மட்டும் மனம் வரவில்லை. ஊசியை விட்டுவிட்டு வா என்று சொல்கிறவர்களுக்கு என் பதில் இதுதான்: கட்டளையை விட்டுவிட்டு வருகிறோம், கையை ஏன் விட்டுவிட்டு வரவேண்டும்?

நாம் கேட்பது இரண்டு. இரண்டையும் சேர்த்துக் கேட்கவேண்டும். ஒன்றை மட்டும் கேட்டால் மற்றது நம்மைக் காட்டிக்கொடுத்துவிடும். கூலிக்கு முடிச்சிடுபவளுக்கும் கொக்கி தைப்பவளுக்கும் பூத் தொடுப்பவளுக்கும் அது முழு வேலை என்று ஒப்புக்கொண்டு, முழுக் கூலியும் சட்டப் பாதுகாப்பும் கொடுங்கள். அவர்கள் உழைப்பைப் பொழுதுபோக்கு என்னாதீர்கள். விருப்பத்துக்குத் தைப்பவளுக்கும் செடி வளர்ப்பவளுக்கும் அது விருப்பம் என்று ஒப்புக்கொண்டு விட்டுவிடுங்கள். அவள் இன்பத்தை வீட்டுச் சேமிப்பாகவோ சுயதொழிலாகவோ குடும்பப் பெருமையாகவோ மாற்றித் தரச்சொல்லாதீர்கள்.

இதற்கு ஆகும் பொருள் அதிகமில்லை. உடைந்த குடம், பழைய பெயிண்ட் வாளி, இரண்டு கூடை மண், ஒரு ஊசி, ஒரு நூற்கண்டு. கிடைக்காத பொருள்கள் வேறு. மொட்டைமாடிச் சாவி வேண்டும். வாடகை வீட்டில் அது பெரும்பாலும் வீட்டுக்காரரிடம் இருக்கும். கோடையில் செடிக்கென்று ஒரு குடம் தண்ணீர் வேண்டும். யாரும் "அம்மா" என்று கூப்பிடாத ஒரு மணி நேரம் வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தை அந்த 88 நிமிடக்காரர்களிடமிருந்துதான் வாங்கவேண்டும். வாங்கும்போது சண்டை வரும், வரட்டும்.

கல்லூரிக்குப் போகும் தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். தைக்கப் பிடிக்கவில்லையென்றால் தைக்காதீர்கள். பெண்ணாய்ப் பிறந்தவளுக்கு ஊசி பிடிக்கத் தெரியவேண்டும் என்று எந்த விதியுமில்லை. பிடித்திருந்தால் வெட்கப்படாமல் தையுங்கள். கோணலாக வந்தால் கோணலாக இருக்கட்டும். யாராவது வந்து நின்று என்ன செய்கிறாய் என்று கேட்டால், "சும்மா தைக்கிறேன்" என்று சொல்லுங்கள். எதற்கு என்று கேட்டால் அதற்கும் அதையே சொல்லுங்கள்.