மடிக்கணினி, செல்போன், பப்ஜி: காசு கொடுத்தவருக்கு எத்தனை வருஷம்?

தேவாலாவில் இருப்பவர்கள் கொஞ்சம் நல்ல போனாக வாங்க வேண்டும் என்றால் கூடலூருக்குப் பஸ் ஏறுவார்கள். கடையில் நின்று கேட்கிற கேள்விகள் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ராம் எவ்வளவு? கேமரா எத்தனை மெகாபிக்சல்? கேம் விளையாடினால் சூடாகுமா? கடைக்காரரும் அட்டைப்பெட்டியைத் திருப்பித் திருப்பிக் காட்டி, சலிக்காமல் பதில் சொல்வார். ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்பதில்லை. இந்தப் போனுக்கு அப்டேட் எந்த வருஷம் வரைக்கும் வரும்?

விமர்சனம் செய்கிறவர்களும் இதைக் கடைசி வரியில்தான் சொல்கிறார்கள். அவர்களைக் குறை சொல்லிப் பயனில்லை. அவர்களுக்கு வாரம் ஒரு போன் கைக்கு வருகிறது. ஜூன் பிறந்தால் ஓயாமல் மழை கொட்டுகிற, கரண்ட் எப்போது போகும் என்று தெரியாத, ராத்திரி வெளியே போனால் யானை நிற்கிறதா என்று டார்ச் அடித்துப் பார்க்க வேண்டிய ஒரு மலையோர ஊரில் அந்தப் போன் நான்காவது வருஷம் எப்படி இருக்கும் என்பது அவர்கள் கவலை இல்லை. வாங்குகிறவர் கவலை அதுதான். தேயிலைத் தோட்டத்துக் கூலியில் பன்னிரண்டாயிரம் ரூபாய் போன் என்பது ஏறக்குறைய ஒரு மாத உழைப்பு.

இந்த வருஷக் கணக்கு எவ்வளவு முக்கியம் என்று தெரிய வேண்டுமானால், தமிழ்நாட்டில் பல லட்சம் வீடுகளில் பரண் மேலே கிடக்கும் ஒரு பொருளைப் பார்த்தால் போதும். அரசு கொடுத்த இலவச மடிக்கணினி! 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய திட்டம். அந்தக் கணினியைத் திறந்தால் இரண்டு இயங்குதளங்கள் இருக்கும். ஒன்று விண்டோஸ். இன்னொன்று பாஸ் லினக்ஸ், அதாவது பாரத் ஆபரேட்டிங் சிஸ்டம் சொல்யூஷன்ஸ். டெபியன் லினக்ஸை அடிப்படையாக வைத்து மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது. தமிழிலேயே மெனு வரும், லைசென்ஸ் காசு கிடையாது.

அதை மாணவர்கள் என்ன செய்தார்கள்? முதல் வேலையாக அழித்தார்கள். ஒரு பென் டிரைவோடு ஒரு அண்ணன் வருவார், லினக்ஸ் இருந்த இடத்தைக் காலி செய்வார், அங்கே ஜிடிஏ வைஸ் சிட்டியும் கவுன்டர் ஸ்ட்ரைக்கும் குடியேறும். (அந்த அண்ணன் ஒவ்வொரு ஊரிலும் ஒருவர் இருந்தார்.) அவர்கள் மேல் தப்பு சொல்ல முடியாது. லினக்ஸை வைத்து என்ன செய்வது என்று பள்ளிக்கூடங்களில் பெரும்பாலும் யாரும் சொல்லித் தரவில்லை. கொடுத்ததோடு சரி.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. விண்டோஸ் 7-க்கான ஆதரவை 2020 ஜனவரி 14-ல் மைக்ரோசாஃப்ட் நிறுத்தியது. சரி, விண்டோஸ் 10 போட்டுக்கொள்ளலாம் என்றால் அதற்கும் 2025 அக்டோபர் 14-ல் முடிவு வந்துவிட்டது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு மட்டும் இன்னும் ஒரு வருஷம் பாதுகாப்பு அப்டேட். விண்டோஸ் 11-க்குப் போகலாம் என்றால் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வேண்டும், இன்டெல் என்றால் எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும். ஆரம்ப வருஷங்களில் கொடுத்த கணினிகள் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். கீபோர்டு வேலை செய்கிறது, திரை வேலை செய்கிறது, ஆனாலும் அது "பழசு".

விளையாட்டுக்காக விண்டோஸை வைத்துக்கொண்டவர்களுக்கும் இதே கதி. 2024 ஜனவரி 1-ல் இருந்து ஸ்டீம் விண்டோஸ் 7-ஐ ஆதரிப்பதில்லை. காசு கொடுத்து வாங்கிய கேம்கள் கணக்கில் இருக்கும், அதே பழைய கணினியில் அவற்றைத் திறப்பதற்குத்தான் இனி உத்தரவாதம் இல்லை. இன்னொரு பக்கம், அதே ஸ்டீமை நடத்தும் வால்வ் நிறுவனம் 2022-ல் கொண்டுவந்த ஸ்டீம் டெக் என்ற கையடக்கக் கருவி ஓடுவது எதில் தெரியுமா? லினக்ஸில்! கேம் விளையாட வேண்டும் என்று எதை அழித்தார்களோ, அதிலேயே இன்று ஆயிரக்கணக்கான விண்டோஸ் கேம்கள் ஓடுகின்றன. வேலரன்ட் போலச் சில மட்டும் இன்னும் ஓடாது.

அதற்காக லினக்ஸ் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்வதும் பொய். 2 ஜிபி ராமில் எடை குறைந்த லினக்ஸும் லிப்ரே ஆபிஸும் நன்றாகவே ஓடும், பிரவுசரில் பத்து டேப் திறந்தால் மூச்சு வாங்கும். பி.காம். படிக்கிறவர்களுக்கு இன்னொரு சங்கடம். டேலி விண்டோஸ் இல்லாமல் நேரடியாக ஓடாது. வேலைக்குப் போகிற இடத்தில் டேலிதான் கேட்பார்கள். லினக்ஸ் ரசிகர்கள் இந்த இடம் வந்ததும் பேச்சை மாற்றிவிடுவார்கள்.

செல்போன் விளையாட்டில் நிலைமை இன்னும் மோசம். அங்கே போன் புதிதாக இருந்தாலும் கேம் காணாமல் போகும். 2020 செப்டம்பர் 2-ல் பப்ஜி மொபைல் உட்பட 118 செயலிகளை மத்திய அரசு தடை செய்தது. அக்டோபர் 30-ல் இந்தியாவுக்கான சேவையே நின்றது. 2021 ஜூலையில் பிஜிஎம்ஐ என்ற பெயரில் திரும்ப வந்தது, 2022 ஜூலையில் மறுபடி காணாமல் போனது, 2023 மே மாதம் மறுபடி வந்தது. நடுவில் ஃப்ரீ ஃபயருக்கு 2022 பிப்ரவரியில் தடை. தடை சரியா தவறா என்பது வேறு வாதம். ரீசார்ஜுக்கு வைத்திருந்த காசில் யூசி வாங்கித் துப்பாக்கிக்குப் பெயின்ட் அடித்த பையனிடம் பில் கூட இல்லை. தேவாலாவுக்கு இது புதிதில்லை. 1880 வாக்கில் இங்கே தங்கம் கொட்டிக் கிடக்கிறது என்று சொல்லி லண்டனில் கம்பெனி மேல் கம்பெனியாகத் தொடங்கிப் பங்கு விற்றார்கள். சில வருஷத்தில் எல்லாம் படுத்துவிட்டது. ஆனால் அந்த வெள்ளைக்காரர்கள் கையில் காகிதமாவது மிஞ்சியது!

போனுக்கு வருவோம். நேர்கோட்டுத் தேய்மானம் படித்தவர்கள் ஒரு நிமிஷம் கணக்குப் போட்டுப் பாருங்கள். மூன்று வருஷம் அப்டேட் வரும் போன் 12,000 என்றால் வருஷத்துக்கு 4,000. ஆறு வருஷம் வரும் போன் 18,000 என்றால் வருஷத்துக்கு 3,000. விலை கூடியதுதான் மலிவு. ஆனால் அந்த 18,000-ஐ மொத்தமாக எடுத்து வைக்க முடிந்தவர்தான் அந்த மலிவை வாங்க முடியும். முடியாதவர் மூன்று வருஷத்துக்கு ஒருமுறை மறுபடி பஸ் ஏறுவார். கூகுள் 2023-ல் பிக்சல் 8-க்கும், சாம்சங் 2024-ல் எஸ்24-க்கும் ஏழு வருஷம் என்று அறிவித்தன. அவை கூடலூர்க் கடையில் பலர் விரல் நீட்டுகிற போன்கள் இல்லை. சாம்சங் ஏ16 5ஜி-க்கு ஆறு வருஷம் என்று சொன்னதுதான் உருப்படியான செய்தி. அதிலும் பேட்டரி ஆறு வருஷம் தாங்காது, நடுவில் ஒருமுறை மாற்ற வேண்டும். கம்பெனி சர்வீஸ் சென்டர் எவ்வளவு தூரத்தில் என்பதையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும்.

கீழ்மட்டத்தில் என்ன நடக்கிறது என்பதற்கு 2017-ல் வந்த ஜியோபோனே போதும். 1,500 ரூபாய் டெபாசிட். வாட்ஸ்அப் கிடைத்தது என்றுதான் பலர் வாங்கினார்கள். 2024 ஜூனில் அந்த வகைப் போன்களில் புதிதாக வாட்ஸ்அப் ஏற்றுவதை நிறுத்தினார்கள், அடுத்த ஆண்டுத் தொடக்கத்தோடு பழையதும் முடிந்தது. பட்டன் தேயவில்லை. பேட்டரி கூட இருந்தது.

ஐரோப்பாவில் 2025 ஜூன் 20 முதல் ஒரு சட்டம். ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் ஐந்து வருஷமாவது அப்டேட் தர வேண்டும், ஏழு வருஷம் உதிரி பாகம் கிடைக்க வேண்டும். இந்தியாவில் 2022 டிசம்பரில் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு இணையதளம் திறந்ததோடு இருக்கிறது. ஃபிரிட்ஜின் மேல் மின்சார ஸ்டார் ஒட்டுகிற நாட்டில், செல்போன் பெட்டியின் மேல் "அப்டேட் முடியும் தேதி" என்று ஒரு வரி அச்சடிப்பது என்ன பெரிய காரியம்? பிஸ்கட் பாக்கெட்டில் இருக்கிறதே!

2026 ஜனவரியில் தமிழக அரசு கல்லூரி மாணவர்களுக்கு மறுபடி மடிக்கணினி கொடுக்கத் தொடங்கியது. 8 ஜிபி ராம், விண்டோஸ் 11. கூடவே, இந்த முறையும், பாஸ் லினக்ஸ். பென் டிரைவோடு அண்ணன் கதவைத் தட்டினால், அதை மட்டும் அழிக்க வேண்டாம் என்று சொல்லுங்கள்.